நாற்பத்தேழாம் படத்தின் விவரம்

ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் உட்காரும் ஒரு பெண்மணி புள்ளியியலில் இரண்டு முறை தோற்றதற்கு நான்தான் காரணம் என்று எங்கள் கல்லூரியின் இணையவழிப் பிரிவு எழுத்துமூலம் தெரிவித்தது. நான் மறுத்தேன். அதற்கு முன் என் பாடத்தில் தோற்றவர்களை வரிசையில் நிறுத்தினால் கடைசி ஆள் அடுத்த ஊரில் நிற்பார். அவர்களில் ஒருவர்கூட என்னைக் காரணம் சொன்னதில்லை. தங்கள் தலையெழுத்தைத்தான் சொன்னார்கள். மரியாதை தெரிந்தவர்கள்.

இந்தப் பெண்மணிக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. வயது நாற்பத்திரண்டு. பகலெல்லாம் போர்டில் உட்கார்ந்து நானூறு எண்களை மனப்பாடமாக இணைத்துவிடுவார். வேலை முடிந்ததும் வீட்டில் உட்கார்ந்து எங்கள் பட்டப்படிப்பை இணையத்தில் படித்தார். மற்ற தாள்கள் எல்லாம் முடிந்து, புள்ளியியல் ஒன்றுதான் பாக்கி. ஒரு தாளை மூன்று முறைதான் எழுதலாம் என்பது விதி. மூன்றாவதும் போனால் பட்டம் கிடையாது. ஆறு வருடப் படிப்பு வீண்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருடம் ஒரே கரும்பலகைக்கு முன் நின்றவன். நான் நின்ற இடத்தில் தரை மூன்று அங்குலம் பள்ளமாகி, மழைக்காலத்தில் அதில் தவளை குடியிருந்தது. என் குரல் சுவர் தாண்டும். பக்கத்து அறையில் வேதியியல் படித்தவர்கள் சிலர் வேதியியலில் தோற்றுப் புள்ளியியலில் முதல் வகுப்பு வாங்கினார்கள். ஓய்வுபெற்ற பிறகும் விடாமல், என்னை ஒரு சின்ன அறையில் நிறுத்தி நாற்பது மணி நேரம் வீடியோ எடுத்து இணையத்தில் ஏற்றினார்கள். காது கேளாதவர்களுக்காகத் திரையின் அடியில் எழுத்து ஓடும் இல்லையா, அது என் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் இருபதாவது நிமிடம் நின்றுவிட்டது. இரண்டு நாள் ஓய்வு கொடுத்த பிறகுதான் மறுபடி ஓடியது.

நிலைமை இப்படி நன்றாக இருந்தபோதுதான் பச்சை டிக் வந்தார்.

அவர் பாட வடிவமைப்பாளர் என்று கதவில் எழுதியிருந்தது. கண் தெரியாதவர், காது கேளாதவர், கை நடுங்குகிறவர், எழுத்தை மெதுவாகப் படிப்பவர் என்று யார் வந்தாலும் பாடம் அவர்களுக்குப் பயன்படுமா என்று சோதிக்க அவரிடம் ஒரு மென்பொருள் இருந்தது. எல்லாம் சரியென்றால் திரையில் பச்சையாக ஒரு டிக் விழும். விழாவிட்டால் பாடம் திறக்காது. அந்த டிக்கைத் தவிர வேறெதைப் பார்த்தும் அந்த அம்மா சிரித்ததாகத் தகவல் இல்லை. பெயர் அப்படித்தான் வந்தது.

முதல் நாள் என்னை அழைத்தார்.

"உக்காருங்க சார்."

"நான் உக்காந்து பாடம் எடுத்ததே இல்ல மேடம்."

"இன்னைக்கு நான் எடுக்கப்போறேன். உக்காருங்க."

உட்கார்ந்தேன். என் வீடியோவைப் போட்டார். திரையில் நான் பலகையைத் தட்டித் தட்டி, "இது இங்க வந்தா அது அங்க போகும். அப்ப இது என்ன ஆச்சு? பாத்தீங்களா?" என்று முழங்கிக்கொண்டிருந்தேன். பிரமாதமாக இருந்தது.

"ஒரு மணி நேரத்துல 'இது' இருநூத்திப் பதினாலு தடவை. 'அது' நூத்தி எண்பது. எது சார்?"

"போர்டுல இருக்கிறது."

"போர்டைப் பாக்க முடியாதவங்களுக்கு?"

"பக்கத்துல இருக்கிறவங்களைக் கேக்கணும்."

"வீட்ல தனியா உக்காந்து படிக்கிறவங்களுக்குப் பக்கத்துல யாரு இருப்பா?"

"ஏன், அந்தம்மாவுக்குக் கல்யாணம் ஆகலையா?"

பச்சை டிக் என்னைப் பார்த்த பார்வையில் மேசைமேல் இருந்த தேநீர் உறைந்துவிட்டது. கரண்டியை வெளியே எடுக்க முடியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

"அப்புறம் சிவப்புக் கோடு, பச்சைக் கோடுன்னு வரையறீங்க. அந்த ரெண்டு நிறத்தையும் பிரிச்சுப் பாக்க முடியாதவங்க உங்க பாடத்துல இந்த வருஷம் மட்டும் ஒம்பது பேர்."

"முப்பத்தோரு வருஷமா யாரும் என்கிட்ட சொல்லலையே?"

"சொன்னவங்களை வெளிய அனுப்பியிருப்பீங்க."

அனுப்பியிருந்தேன். அது இவருக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் தெரியவில்லை.

எங்கள் துறைத்தலைவர் என்னிடம் படித்தவர். எந்தச் சண்டையிலும் இரண்டு கையையும் தூக்கி "சமாதானம், சமாதானம்" என்பார். அந்தச் சொல்லே அவருக்குப் பெயராகிவிட்டது. அவரிடம் போனேன். இரண்டு கையையும் தூக்கினார். பச்சை டிக் சொல்வதைச் செய்துவிட்டால் என் ஒப்பந்தம் இன்னொரு வருடம் நீளும் என்றார். செய்யாவிட்டால் என்று சொல்லவில்லை. கையை இறக்கவும் இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். பாடத்தில் முந்நூற்று எண்பத்தாறு படங்கள். ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் ஒரு விவரப் பெட்டி இருக்கிறது. படத்தில் என்ன இருக்கிறது என்று அதில் எழுத வேண்டும். கண்ணால் பார்க்கிறவர்களுக்கு அந்த எழுத்து தெரியாது. திரையை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளுக்கு மட்டும் தெரியும். கண் தெரியாதவர்கள் வைத்திருப்பது அந்த மென்பொருளைத்தான். இந்தக் கடைசி இரண்டு வாக்கியத்தைப் பச்சை டிக் என்னிடம் சொல்லவில்லை. விதி எண் சொன்னார். பத்து நாள் கெடு சொன்னார். எல்லாப் பெட்டியும் நிரம்பினால்தான் டிக் விழும் என்று மூன்று முறை சொன்னார்.

"அந்த டெலிபோன் அம்மாவுக்கு இது கடைசி சான்ஸ் சார். ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

"அவங்களுக்கு யாரையாவது வச்சுப் படிச்சுக் காட்டுவீங்கல்ல?"

"பெட்டியை நிரப்புங்க சார்."

நிரப்பும் பெட்டிகளைப் பற்றி எனக்கு அனுபவம் உண்டு. கல்லூரியில் முப்பத்தொரு வருடம் படிவம் நிரப்பியிருக்கிறேன். 'வகுப்பில் கண்ட குறைகள்' என்ற கட்டத்தில் ஒருமுறை என் மாமியார் என்று எழுதிக் கொடுத்தேன். 'ஆவன செய்யப்பட்டது' என்று முத்திரை குத்தித் திரும்பி வந்தது. ஆகவே இந்தப் பெட்டியையும் சோதித்துப் பார்த்தேன். முதல் படத்துக்கு ஒரே ஒரு புள்ளி வைத்தேன். மென்பொருள் திருப்தியடைந்தது. வீட்டுக்காரியைத் திட்டி ஒரு வரி எழுதினேன். அப்போதும் திருப்தி. பெட்டி காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அதன் கொள்கை. வீட்டுக்காரியைப் பற்றிய வரியை உடனே அழித்துவிட்டேன். மென்பொருளுக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

பிறகு பச்சை டிக்கைப் பற்றி எழுத ஆரம்பித்தேன்.

ஒன்று சொல்லவேண்டும். நான் பொய் சொல்வேன், தேவைப்பட்டாலும் தேவைப்படாவிட்டாலும் சொல்வேன். ஆனால் ஒரு வளைவைத் தப்பாகச் சொன்னதில்லை. அது முடியாது, கை வராது. ஆகவே படத்தின் உருவத்தை உள்ளபடியே எழுதினேன். எதைப் பற்றிய படம் என்பதை மட்டும் மாற்றினேன். நடுவில் மேடாகி இரண்டு பக்கமும் ஒரேமாதிரி சரியும் வளைவு வந்தால், அது அந்த அம்மா அனுப்பும் மின்னஞ்சல்களின் கடுமை: பெரும்பாலானவை நடுத்தரக் கடுமை, இடது ஓரத்தில் மென்மையானவை ஒன்றிரண்டு, வலது ஓரத்தில் கொலைவெறி ஒன்றிரண்டு, அந்த ஒன்றிரண்டும் எனக்கு வந்தவை. பத்து நாள் இப்படிப் போயிற்று. பேரனுக்குக் கல்யாணம் வைத்தாற்போல் சந்தோஷமாக இருந்தேன்.

"என்னங்க, தனியா உக்காந்து சிரிக்கிறீங்க?" என்று வீட்டுக்காரி வாசலில் நின்று கேட்டாள்.

"ஆபீஸ் வேலை."

"ஆபீஸ் வேலைக்கு நீங்க சிரிச்சு நான் பாத்ததில்லையே. யாரை மாட்டிவிடுறீங்க?"

பதினோராம் நாள் டிக் விழுந்தது. பச்சை டிக் எனக்கு ஒரு வரி அனுப்பினார்: 'முந்நூற்று எண்பத்தாறும் நிரம்பிவிட்டன. வியப்பாக இருக்கிறது.' வளைவின் இடது ஓரத்தில் வைக்க வேண்டிய மின்னஞ்சல். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. பாடம் திறந்தது, நான்கு மாதம் ஓடியது, தேர்வு வந்தது, போனது.

தேர்வு முடிந்து பத்தாம் நாள் சமாதானத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கூடவே ஒரு விடைத்தாளின் நகல். கண் தெரியாதவர்கள் கணினியில் தட்டச்சு செய்யும் விடைத்தாள்கள், திருத்துகிறவருக்குப் போகும் முன் வடிவம் சரியா என்று பார்க்கப் பச்சை டிக்கின் மேசைக்கு வருமாம். ஐந்தாம் கேள்வி: சராசரி எப்போது ஏமாற்றும், உதாரணத்துடன் விளக்குக. டெலிபோன் அம்மாவின் விடை இப்படித் தொடங்கியது: 'இணையவழிப் பிரிவின் பச்சை டிக் அம்மா கூட்டங்களில் பேசும் நேரத்தை எடுத்துக்கொள்வோம்.'

நான் நாற்காலியில் இருந்தபடியே நாற்காலியைத் தேடினேன்.

கடிதத்தில் விவரம் இருந்தது. விடைத்தாளில் கல்லூரி ஊழியரை இழிவாக எழுதினால் அந்தத் தாள் செல்லாது. நாளை காலை விசாரணை. இப்படியொரு உதாரணம் பாடத்தில் எங்கும் இல்லை என்று பாட ஆசிரியரான நான் கையெழுத்திட வேண்டும். அவ்வளவுதான். கையெழுத்திட்டால் என் ஒப்பந்தம் பத்திரம். அந்தப் பெண்மணியின் மூன்றாவது முறை போயிற்று.

கணினியைத் திறந்தேன். இனி சொல்வதில் மிகை கிடையாது. ஒன்றாம் படத்தின் விவரத்தை அழித்து, டிக் கெடாமலிருக்க ஒரு புள்ளி வைத்தேன். 'நிச்சயமாகவா?' என்று கணினி கேட்டது. நிச்சயம் என்று அழுத்தினேன். இரண்டாம் படம். 'நிச்சயமாகவா?' நிச்சயம். நாற்பத்தாறு படம்வரை அது கேட்டுக்கொண்டே வந்தது, நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். நாற்பத்தேழாவது அந்தக் கூட்டப் பேச்சுப் படம். அதை ஒருமுறை படித்தேன். இன்னொரு முறை படித்தேன். அழிக்க முடியவில்லை. மனசாட்சி என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் நல்ல குணம். அது நன்றாக இருந்தது. முப்பத்தொரு வருடத்தில் சராசரியை நான் அவ்வளவு நன்றாக யாருக்கும் சொன்னதில்லை. அதை ஒரே ஒருத்தர்தான் கேட்டிருக்கிறார், கேட்டு விடையும் எழுதிவிட்டார். கணினியை மூடிவிட்டேன்.

மறுநாள் சமாதானத்தின் அறையில் நான்கு பேர். டெலிபோன் அம்மா வேலை உடுப்பிலேயே வந்திருந்தார், அரைநாள் விடுப்பாம். உட்கார்ந்ததும், "யார் யார் இருக்கீங்க? ஆளுக்கொரு வார்த்தை பேசுங்க, போதும்" என்றார்.

"சமாதானமா பேசிக்கலாம்மா" என்றார் சமாதானம்.

"விதிப்படி பேசிக்கலாம்" என்றார் பச்சை டிக்.

நான் தொண்டையைக் கனைத்தேன்.

"ஓ, 'இது இங்க' சார். ரெண்டு வருஷமா அந்த 'இது' எதுன்னு தேடிக்கிட்டிருந்தேன்."

பச்சை டிக் விடைத்தாளை மேசைமேல் வைத்தார். "நான் உங்களுக்காக இந்தக் காலேஜ்ல எல்லார்கிட்டயும் சண்டை போட்டேன். உங்களுக்காகத்தான் இவர் உயிரை வாங்கினேன். நீங்க என்னைப் பத்தி இப்படி எழுதியிருக்கீங்க."

"பாடத்துல இருந்ததைத்தானே எழுதினேன்."

"எந்தப் பாடத்துல?"

"நாப்பத்தேழாவது படம்."

சமாதானம் உறுதிமொழித் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். "சார், அப்படி எதுவும் இல்லைன்னு ஒரு கையெழுத்து."

பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். அந்தப் பேனாவுக்கு ஏன் அத்தனை நீளமான மூடி வைத்தார்கள் என்று தெரியவில்லை. கழற்றக் கழற்ற வந்துகொண்டே இருந்தது. பிறகு அதைத் திரும்ப மூடி மேசைமேல் வைத்தேன்.

"இருக்கு" என்றேன்.

"என்ன இருக்கு?"

"பாடத்துல இருக்கு. படத்துக்குப் பின்னாடி."

"ஏன் இவரைக் கேட்டுக்கிட்டு?" என்றார் டெலிபோன் அம்மா. "உங்க கம்ப்யூட்டர்லயே படிக்கிற குரலைப் போட்டுக் கேளுங்களேன்."

பச்சை டிக் தன் மடிக்கணினியைத் திறந்தார். ஒரு பொத்தானை அழுத்தினார். திரை இருண்டது. இன்னொன்றை அழுத்தினார். அச்சு இயந்திரம் எங்கோ ஓட ஆரம்பித்தது. மூன்று வருடமாக அந்த வேலையில் இருக்கிறார், படிக்கும் குரலை ஒருமுறைகூட போட்டதில்லை. எந்தப் பொத்தான் என்றே தெரியவில்லை. டெலிபோன் அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, எந்த இரண்டு விசையை எத்தனை நொடி அழுத்த வேண்டும் என்று ஆஸ்பத்திரி எண் சொல்வதுபோல் சொன்னார்.

குரல் வந்தது. உணர்ச்சியே இல்லாத குரல்.

"படம் நாற்பத்தேழு. பட்டைப் படம். இணையவழிப் பிரிவின் பச்சை டிக் அம்மா பன்னிரண்டு கூட்டங்களில் பேசிய நிமிடங்கள். இடது ஓரத்தில் உயரமான பட்டைகள்: பதினொரு நாள் ஐந்து, ஆறு, ஏழு நிமிடம். அப்புறம் நெடுந்தூரம் வெறும் தரை. தரையின் கடைசியில், எல்லோரும் எழுந்து போன பிறகும் நிற்கும் ஒற்றைக் குட்டைப் பட்டை: நூற்றிருபது நிமிடம். அந்த ஒரு நாளால் சராசரி பதினைந்தைத் தாண்டிவிட்டது. வரிசையின் நடுவில் நிற்கும் இடைநிலை அசையாமல் ஆறிலேயே இருக்கிறது. இந்த அம்மா வழக்கமாக எவ்வளவு நேரம் பேசுவார் என்று கேட்டால் இடைநிலையைச் சொல்லுங்கள். அவரைப் பிடிக்காவிட்டால் சராசரியைச் சொல்லுங்கள்."

"நிறுத்துங்க" என்றார் சமாதானம்.

நிறுத்தும் பொத்தானும் பச்சை டிக்குக்குத் தெரியாது.

"படம் நாற்பத்தெட்டு. புள்ளிகள் மூலைக்கு மூலை சிதறிக் கிடக்கின்றன. எந்தப் பக்கமும் சாயவில்லை. கிடைமட்டத்தில் பச்சை டிக் அம்மாவின் உத்தரவுகள், செங்குத்தில் அவற்றால் விளைந்த நன்மை. ஒட்டுறவு பூஜ்யம். படம் நாற்பத்தொன்பது. இடமிருந்து வலமாக ஏறும் நேர்க்கோடு. அம்மாவின் குரல் உயர உயரத் துறைத்தலைவரின் நாற்காலி பின்னால் நகரும் தூரம்."

சமாதானத்தின் நாற்காலி அப்போது சுவரைத் தொட்டிருந்தது. ஐம்பத்திரண்டாம் படத்தில் மடிக்கணினியை மூடித்தான் குரலை அடக்கினார்கள்.

"முதல் நாப்பத்தாறையும் யாரோ அழிச்சிருக்காங்க" என்றார் டெலிபோன் அம்மா. "காலையில கேட்டேன். புள்ளி, புள்ளி, புள்ளின்னு போகுது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். நின்றிருந்தது.

"சீ! நீங்கல்லாம் ஒரு வாத்தியாரா?" என்றார் பச்சை டிக்.

"நிரப்பச் சொன்னது நீங்க மேடம்."

"இதையா நிரப்பச் சொன்னேன்?"

"எதைன்னு நீங்க சொல்லல. நான் எழுதினதுல ஒரு வரி, ஒரே ஒரு வரி படிச்சிருந்தா அன்னைக்கே என்னைத் தூக்கியிருக்கலாமே."

"டிக் விழுந்துச்சு!"

"எனக்கும் அதுதானே வேணும்?"

டெலிபோன் அம்மா மேசையை ஒரு தட்டுத் தட்டினார். "ரெண்டு பேரும் வாயை மூடுறீங்களா? சார், நீங்க எனக்குப் பாடம் நடத்தல, இவங்களைத் திட்டினீங்க. நான் ஒட்டுக் கேட்டுப் படிச்சேன். மேடம், நீங்க எனக்காகச் சண்டை போட்டேன்னு சொல்றீங்க. பாடத்துல உங்களைக் காறித் துப்பினது நாலு மாசமா எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. எனக்காகத்தான் செஞ்சீங்கன்னா ஒரு தடவை எனக்கு போன் பண்ணி, காதுல என்ன விழுதுன்னு கேட்டிருக்க மாட்டீங்க? எனக்கு உங்க ரெண்டு பேரும் வேணாம். விடைத்தாளைத் திருத்த அனுப்புங்க. எனக்கு ரெண்டு மணிக்கு டியூட்டி."

சமாதானம் கையைத் தூக்கினார். ஆனால் அந்தச் சொல் வரவில்லை. பாடத்தில் இருப்பதை எழுதியது குற்றமாகாது, தாள் செல்லும் என்று எழுதிக் கையெழுத்திட்டார். சமாதானம் என்று சொல்லாமல் அவர் ஒரு முடிவெடுத்ததை நான் அன்றுதான் பார்த்தேன். டெலிபோன் அம்மா நன்றி சொல்லவில்லை. கதவை அவரே திறந்துகொண்டு போனார்.

என்னை வேலையைவிட்டு அனுப்புவார்கள் என்று நினைத்தேன். பச்சை டிக் விடவில்லை. அனுப்பினால் நான் வீட்டில் சுகமாக இருப்பேனாம். முந்நூற்று எண்பத்தாறையும் திரும்ப எழுத வேண்டும், அவர் முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். நான் எழுதியதைக் குரல் படிக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுத் தாளில் வரைவார். அவர் வரைந்ததும் படமும் ஒத்துப்போனால்தான் அடுத்தது. மென்பொருளின் டிக்கை அவர் திரையில் இப்போது காணோம்.

மூன்று வாரமாக அது நடக்கிறது. ஒரு நாளைக்கு ஏழு படம் தேறுகிறது. முதல் வளைவுக்கு அந்த அம்மாவே ஒரு விவரம் சொன்னார்: வாத்தியாரின் தலைக்கனம், நடுவில் மேடு.

"தலைக்கனம் ரெண்டு பக்கமும் ஒரேமாதிரி இறங்கணும் மேடம். எனக்கு இறங்காது. உதாரணம் தப்பு."

"அப்போ வலப்பக்கம் வாலை நீட்டிக்கிறேன்."

"வால் நீண்டா அது வேற வளைவு."

"உங்களுக்கு வால் இருக்கிறது எனக்குத் தெரியும் சார். எழுதுங்க."

நேற்று முடிவு வந்தது. நாங்கள் நூற்றிரண்டாம் படத்தில் இருந்தோம்; அந்த அம்மா கண்ணை மூடியபடி ஒரு கோணல் கோட்டை வரைந்துகொண்டிருந்தார். மேசைத் தொலைபேசி அடித்தது. எடுத்தேன்.

"இது இங்க சார்தானே? பாஸ். எழுபத்தொன்பது" என்றார் டெலிபோன் அம்மா.

"சந்தோஷம்மா."

"உங்க சந்தோஷம் யாருக்கு வேணும்? அஞ்சாம் கேள்விக்கு ரெண்டு மார்க் குறைஞ்சிருக்கு. ஏன்?"

கணினியில் மதிப்பெண் பட்டியலைத் திறந்து பார்த்தேன். திருத்தியவர் ஓரத்தில் குறிப்பு எழுதியிருந்தார். வாசித்தேன். "விடை மிகச் சரி. உதாரணம் நாகரிகமாக இல்லை."

"அது என் உதாரணம் இல்ல. அந்த ரெண்டு மார்க் உங்களோடது. நான் எண்பத்தொண்ணு" என்றார். வைத்துவிட்டார். போர்டில் இருபது வருடம் வேலை பார்த்தவர் வைத்தால் காதில் அறைந்த மாதிரி இருக்கும் என்று நேற்றுதான் தெரிந்துகொண்டேன்.

"எவ்வளவு?" என்றார் பச்சை டிக். கண்ணைத் திறக்கவில்லை.

"எண்பத்தொண்ணு" என்றேன்.

"நீங்க எழுதினபடி வரைஞ்சா கோடு கிணத்துல போய் விழுது. திரும்ப எழுதுங்க."